பதினாறுக்குப் பிறகு வாங்க

பினாங்கில் ஒரு சாவு வீட்டுக்குக் கவுன்சலர் தேவைப்படுவது பத்து லஞ்சாங் மயானத்துக்குப் போய்வந்த அன்றைக்கு இல்லை. அன்று வீடு கொள்ளாத ஜனம். கருமக்கிரியை முடிந்து கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போன பிறகு, பழக்கத்தில் இரண்டு தட்டை எடுத்து ஒன்றைத் திரும்ப வைக்கும் கை இருக்கிறதே, அதற்குத்தான்.

நம் கவுன்சலர்கள் பலருக்கு ‘ஏத்துக்கிட்டீங்களா’ என்று கேட்கும் அவசரம். மனநல மருத்துவர் குப்ளர்-ராஸ் 1969-இல் எழுதிய ஐந்து நிலைகள் (மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, கடைசியில் ஏற்பு), சாவை எதிர்நோக்கிய நோயாளிகளிடம் பேசிக் கிடைத்தவை. பறிகொடுத்தவர் ஏறவேண்டிய படிக்கட்டு அல்ல.

முதல் சந்திப்பிலேயே இறந்தவரின் பெயரைக் கேட்டு, பிறகு அந்தப் பெயரையே சொல்லிப் பேசுங்கள். கடைசி நாளைக் காலையிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். உறுத்தல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அதில்தான் வெளிவரும். “நெஞ்சு எரியுதுன்னாரு, கேஸ்தான்னு நெனச்சு ஈனோ கலக்கிக் குடுத்தேன்.” உடனே “உங்க மேல தப்பு இல்லம்மா” என்று சொல்லிவிடாதீர்கள், அதோடு வாயை மூடிக்கொள்வார். “அந்த நேரத்துல உங்களுக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சு?” என்று கேளுங்கள். பதிலை அவரே கண்டுபிடிக்கட்டும், மூன்று வாரம் ஆனாலும்.

தூக்கம், சாப்பாடு, குடி, சர்க்கரை மாத்திரை நான்கையும் ஒவ்வொரு முறையும் விசாரியுங்கள். மாத்திரையை நிறுத்தியிருப்பார், சொல்லமாட்டார். “செத்துடலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. எப்படி என்றுகூட யோசித்து வைத்திருந்தால் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். குடும்பத்தைக் கூப்பிட்டு, மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு.

துக்கத்துக்குள் போவதும் வெளியே வருவதும் மாறி மாறி நடக்கும் என்று துக்க ஆய்வாளர்கள் ஸ்ட்ரோப், ஷுட் இருவரும் 1999-இல் எழுதினார்கள். எனவே ஒரு நாள் இருபது நிமிடம் படங்களைப் பார்க்கட்டும், மறுநாள் கரண்ட் பில்லைத் தன் பெயருக்கு மாற்றட்டும். இரண்டும் துக்க வேலைதான். சீரியல் பார்த்துச் சிரித்துவிட்டோமே என்று குமைகிறவருக்கு இதைச் சொன்னால் பாதிப் பாரம் இறங்கும்.

பூவும் பொட்டும் வைப்பதா என்பதில் கருத்துச் சொல்லச் சொந்தக்காரர்கள் போதும். நீங்கள் முற்போக்குத் தீர்ப்பு வழங்கவேண்டாம், அவர் விருப்பத்தைக் கேட்டாலே போதும்.

இறந்தவர் இல்லாத முதல் தீபாவளிக்கும் வருஷத் திதிக்கும் ஒரு வாரம் முன்பே சந்திப்பு வையுங்கள்.

துக்கத்தை ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்று சொல்ல, இறப்புக்குப் பிறகு குறைந்தது 6 மாதம் ஆகியிருக்கவேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11; அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம் 12 மாதம் என்கிறது. அதோடு அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறியிருக்கவேண்டும். வருஷம் திரும்பும்வரை பண்டிகையே கொண்டாடாத வீட்டில், ஏழாம் மாதம் அழுகிறவருக்கு நோய்ப் பெயர் ஒட்டாதீர்கள். அதே ஏழாம் மாதத்தில் அடுப்பே பற்றவைக்காமல், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருந்தால், மனநல மருத்துவருக்குக் கடிதம் எழுத வருஷத் திதிவரை காத்திருக்காதீர்கள்.