பாட்டி இல்லைங்க, விவசாயி

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்து வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மறுபடி விவரிக்க எனக்குப் பொறுமை இல்லை. அந்த மேடையில் பேசியவரை நான் திட்டி எழுதியதற்கு, "மைக் கிடைக்காத கோபம்" என்று கமெண்டில் கிண்டலடித்த அண்ணன்மார்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஆமாங்க, கிடைக்கவில்லைதான். மேடையில் பதினோரு நாற்காலி, பதினோரு வேட்டி. பெண்கள் பந்தலுக்குப் பின்னால் கம்மங்கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பேனரில் மட்டும் ஒரு பெண், மறைந்த இயற்கை விவசாயி பாப்பம்மாள்.

அந்தப் படத்துக்கு மாலை போட்டுவிட்டு ஒருவர் இருபது நிமிடம் பேசினார். இலையில்தான் சாப்பிட்டாராம், சுடுதண்ணீர் குடித்தாராம், டீ காபி தொடமாட்டாராம். நூறு வயதைத் தாண்டிய ரகசியம் அதுதானாம். அந்த இருபது நிமிடத்தில் "பாட்டி" 17 முறை வந்தது. "விவசாயி" ஒருமுறைகூட வரவில்லை. எண்ணினேன். வேறு வேலை இல்லாதவள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிதான், யார் இல்லை என்றது? ஆனால் 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தது பாட்டியாக இருந்ததற்கா? அப்படியென்றால் எங்கள் தெருவுக்கே ஆறேழு வந்திருக்க வேண்டுமே.

மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி. சின்ன வயதிலேயே தாய் தகப்பன் போய்விட்டார்கள். மளிகைக் கடை நடத்தி, மிச்சம் பிடித்த காசில் நிலம் வாங்கினார். பத்து ஏக்கர். சீராக வரவில்லை, புருஷன் எழுதி வைக்கவில்லை, வாங்கினார். கடைசியில் கையில் நின்ற இரண்டரை ஏக்கரில் இயற்கை முறையில் வெள்ளாமை செய்தார். நூறு தாண்டியும் காட்டில் இறங்கினார். 1959-லேயே பஞ்சாயத்து வார்டு உறுப்பினர், அப்புறம் காரமடை ஒன்றியக் கவுன்சிலர். வேளாண் பல்கலைக்கழக விவாதக் குழுவில் உட்கார்ந்து படித்தவர்களோடு வாதாடியவர். இதில் எந்த வேலையைச் சுடுதண்ணீர் செய்தது?

2024 செப்டம்பர் 27 அன்று அவர் இறந்தபோதும் இதே கூத்துதான். 108-ஆ 109-ஆ என்று ஒரு பக்கம் சண்டை. பிரதமர் குனிந்து வணங்கிய படத்தை ஒரு கூட்டம் பகிர்ந்தது. திமுக பெரியார் விருது கொடுத்ததை இன்னொரு கூட்டம் பகிர்ந்தது. எங்க ஆளு, உங்க ஆளு. என்ன எரு போட்டார், மடையை எப்படித் திருப்பினார், கூலி ஆளை எப்படிச் சமாளித்தார் என்று ஒரு பதிவாவது பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை.

"மரியாதையாத்தானே பாட்டின்னாங்க, சொல்லில் என்ன இருக்கு?" என்பீர்கள். சொல்லில் பட்டா இருக்கிறதுங்க. கிராமத்தில் வேலை பார்க்கும் பெண்களில் நாலில் மூன்று பேர் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் பெண் நடத்துவதாகப் பதிவான பண்ணைகளோ நூற்றுக்குப் பதினான்குகூட முழுதாக இல்லை. சொந்த நிலம் இல்லாவிட்டாலும் பயிர் செய்கிறவர் விவசாயிதான் என்று 2007 தேசிய விவசாயிகள் கொள்கை சொல்கிறது. கொள்கை அழகாகத்தான் இருக்கிறது. மத்திய அரசு விவசாயிக்குக் கொடுக்கும் பிஎம் கிசான் 6,000 ரூபாய் கேட்டுப் போனால் முதலில் கேட்பது நிலம் யார் பெயரில் என்றுதான்.

"1989-லேயே தமிழ்நாட்டில் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை வந்துவிட்டதே." வந்தது, நல்ல சட்டம். அதற்கு முன்னால் கல்யாணம் ஆன மகள்களுக்கு அதில் பங்கு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2005-ல் மத்தியச் சட்டம் அதையும் சரிசெய்தது. சரி, உங்கள் அக்கா தங்கைகளிடம், பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்காத வீடு எது? கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்.

"ஆம்பளைங்க பாடுபடலையா?" பட்டார்கள். அடுத்த கேள்வி.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று சிலர் உள்பெட்டியில் கேட்டார்கள். எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெற்றது, கோபிசெட்டிபாளையம் பக்கம் மஞ்சள் போட்டது. அப்புச்சி நல்ல மனுசன், ஆனால் அவருக்கு டீக்கடை அரசியல்தான் தொழில். மஞ்சள் தாள் காய்ந்ததைப் பார்த்து எப்போது வெட்டுவது என்று சொல்வது அமுச்சி. விதைக் கிழங்கைக் கையில் உருட்டிப் பார்த்துப் பிரிப்பது அமுச்சி. வேகவைக்கும் ராத்திரிகளில் கொப்பரைப் பக்கத்திலேயே கட்டில் போட்டுக்கொண்டு தூங்காமல் கிடக்கும். வியாபாரி வந்து, "அப்பாரு இல்லீங்களா?" என்பான். "வெலைய எங்கிட்டச் சொல்லு சாமி, அவரு வந்தா டீ வேணா குடுப்பாரு" என்னும்.

அப்புச்சி போனபின் நிலம் மாமாக்கள் பெயருக்கு மாறியது. அமுச்சியையும் கூட்டிப்போய்த்தான் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த வருடம் பயிர்க்கடன் கேட்டுப் போனபோது, "உங்க பசங்கள வரச் சொல்லுங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

மஞ்சள் வெட்டி முடித்த இருபதாம் நாள் போய்ச் சேர்ந்தது. போஸ்டரில் இன்னாரின் மனைவி, இன்னார் இன்னாரின் தாயார். சரி, போஸ்டர் அப்படித்தான் இருக்கும், விடுங்கள். குளிப்பாட்டும்போது பெரியம்மா கையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்கள். நகக்கண்ணில் இருந்த மஞ்சள் போகவில்லை. அப்புச்சி போய்ப் பன்னிரண்டு வருடம், மஞ்சள் பூசாத கை. ஓரமாக நின்ற ஒருத்தி, "இதென்ன, இந்த வயசுல மஞ்சளு?" என்று முணுமுணுத்தாள்.

மேடையில் பேசிய அந்த மனிதரைத் திட்டி மூன்று நாளாகிவிட்டது. திட்டத் திட்ட எனக்கு அந்தக் குறிப்பேடுதான் ஞாபகம் வருகிறது. அமுச்சியின் இறப்பைப் பதிவு செய்ய மாமாவோடு நானும் போயிருந்தேன், படித்த பிள்ளை என்று. பெயர், வயது, கணவர் பெயர் எல்லாம் எழுதிவிட்டு, "தொழில்?" என்று பேனாவை நிறுத்திக்கொண்டு அந்த அலுவலர் நிமிர்ந்தார். மாமா வாயைத் திறக்கவில்லை.

நான்தான் சொன்னேன். "சும்மா வீட்லதாங்க இருந்தாங்க."