அந்தக் கடைசிப் பாட்டைப் பாதியில் நிறுத்தியவருக்கு

ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் கேட்கக் கூடிய இடத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நாலு நாள் பொறுத்தும் பார்த்தேன். ஆனால் நேற்று அவர் இணையத்தில் போட்ட பதிவையும் அதன் கீழே வரிசையாக வந்து விழுந்த சிரிப்புப் பொம்மைகளையும் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அன்றைக்கு வந்திருந்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். பெயர் வேண்டாம், நேராக அவரிடமே பேசிவிடுகிறேன்.

என்னுடைய பழைய இசைத்தட்டில், அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் "ஒன்லி தி லோன்லி" ஆல்பத்தின் கடைசிப் பாட்டான "ஒன் ஃபார் மை பேபி" ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் பாட்டு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஊசியைத் தூக்கினீர்கள். "டெலிபோன்ல கேக்குற மாதிரி இருக்கு சார்" என்றீர்கள். அப்புறம் உங்கள் லேப்டாப்பில் அதே ஆல்பத்துக்கு 2018இல் வந்த ஸ்டீரியோவை, அதாவது இடம் வலம் என்று இரண்டு ஸ்பீக்கரில் பிரிந்து கேட்பதைப் போட்டு, "இதுதான் ஒரிஜினல், இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் ஒரிஜினலே வெளியே வந்திருக்கு" என்றீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன். அது ஒரிஜினல் இல்லை. நல்லதாக இருக்கலாம், உங்களுக்குப் பிடித்திருக்கலாம், எனக்குமே அதில் சில இடங்கள் பிடிக்கும். ஆனால் ஒரிஜினல் இல்லை. ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் வேறு. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டுக்கொண்டு, முதலில் செய்தவர்கள் ஏதோ அரைகுறையாக விட்டுப்போனதைப் போலவும், அறுபது வருஷம் கழித்து யாரோ வந்து சரி செய்ததைப் போலவும் பேசுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏற்கெனவே கலந்து முடித்த டேப்பை எடுத்து, இரைச்சலைக் கொஞ்சம் குறைத்து, சத்த அளவைச் சரிபார்த்து, மறுபடி தட்டிலோ சிடியிலோ ஏற்றினால் அது ரீமாஸ்டர். கலப்பதற்கு முன்னால் தனித்தனித் தடங்களாக இருந்த பதிவுக்கே திரும்பிப் போய், குரல் எவ்வளவு, வயலின் எவ்வளவு, எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று இன்றைக்கு உட்கார்ந்து புதிதாக முடிவெடுத்தால் அது ரீமிக்ஸ். அம்மா வைத்த குழம்பைச் சூடு பண்ணித் தருவது ஒன்று. அதே காய், அதே புளியை எடுத்து இன்னொருவர் புதிதாகக் குழம்பு வைப்பது வேறொன்று. இரண்டாவது ருசியாகவே இருக்கட்டும். அதை அம்மா வைத்தது என்று சொல்லாதீர்கள். வெளியிட்ட நிறுவனத்தை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் ஸ்டீரியோ மிக்ஸ் என்று வெளிப்படையாகப் போட்டுத்தான் அறுபதாம் ஆண்டுப் பதிப்பை விற்றார்கள், சிடி பதிப்பில் எல்லாம் ஒன்றாகவே ஒலிக்கும் பழைய மோனோவையும் கூடவே வைத்தார்கள். அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் பேசியது நீங்கள்.

"ஒன்லி தி லோன்லி" எப்படி உருவானது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1958. சினாட்ராவுக்கு 42 வயது. நடிகை ஏவா கார்ட்னருடனான திருமணம் முந்தின வருஷம்தான் சட்டப்படி முடிந்திருந்தது. பாட்டுகளுக்கு வாத்திய இசையை எழுதிக்கொடுத்த அரேஞ்சர் நெல்சன் ரிடில் தன் கைக்குழந்தையையும் தாயையும் அடுத்தடுத்து இழந்திருந்தார். ரிடில் இன்னொரு பாடகரான நாட் கிங் கோலுடன் சுற்றுப்பயணம் போக வேண்டியிருந்ததால், அவர் எழுதிய இசையை சில நாட்கள் ஃபெலிக்ஸ் ஸ்லாட்கின் நடத்திக் கொடுத்தார். இப்படிப்பட்ட மனிதர்கள் ஹாலிவுட்டில் கேபிடல் இசைத்தட்டு நிறுவனத்தின் கட்டடத்தில் உட்கார்ந்து, குரல் எங்கே நிற்க வேண்டும், எந்த இடத்தில் வயலின்கள் ஒதுங்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் முடிவு செய்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு அடியில், முப்பது அடி ஆழத்தில், எதிரொலிக்காக மட்டுமே கட்டிய கான்கிரீட் அறைகள் இருக்கின்றன தெரியுமா? பாட்டை அங்கே அனுப்பி ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, சுவரில் பட்டு வருவதை மைக்கில் பிடித்து மேலே கொண்டுவந்து கலப்பார்கள். அது எவ்வளவு சேர வேண்டும் என்பதும் ஒரு முடிவு. ஒரு சொட்டு கூடினால் சினாட்ரா கோயில் மண்டபத்தில் நின்று பாடுவதைப் போல ஆகிவிடும். ஒரு சொட்டு குறைந்தால் அந்தத் தனிமை போய்விடும்.

அந்த முடிவுகள் எல்லாம் முதலில் மோனோவுக்காக எடுக்கப்பட்டவை. அன்றைக்கு அமெரிக்காவிலேயே பெரும்பாலான வீடுகளில் ஒரே ஸ்பீக்கர்தான். ஸ்டீரியோ எல்பி என்பதே அந்த வருஷம்தான் கடைகளுக்கு வர ஆரம்பித்திருந்தது.

உடனே கேட்பீர்கள் என்று தெரியும், "அப்பவே ஸ்டீரியோ தட்டும் வந்துச்சே?" வந்தது. அதில் எத்தனை பாட்டு இருந்தது? பத்து. மோனோ தட்டில் பன்னிரண்டு. "இட்ஸ் எ லோன்சம் ஓல்ட் டவுன்", "ஸ்பிரிங் இஸ் ஹியர்" இரண்டும் ஸ்டீரியோ தட்டில் இல்லவே இல்லை. முழு ஆல்பம் வேண்டும் என்றால் 1958இல் மோனோவைத்தான் வாங்க வேண்டும். எது ஒரிஜினல் என்று இதற்கு மேல் எப்படி விளக்குவது?

மோனோ என்றால் டெலிபோன் இல்லை. மோனோவில் அகலம் கிடையாது, ஆழம் உண்டு. எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதால், முன்னால் நிற்பது யார், பத்தடி பின்னால் நிற்பது யார் என்பதைச் சத்தத்தின் அளவாலும் நிறத்தாலும் மட்டுமே பிரித்துக் காட்ட வேண்டும். "ஒன் ஃபார் மை பேபி"யில் பில் மில்லரின் பியானோ எங்கே இருக்கிறது? பாடுகிறவருக்குப் பின்னால், அறையின் மூலையில். கடையைப் பூட்டும் நேரம், குடிக்க வந்த கடைசி ஆள், அவன் சொல்வதைக் கேட்டும் கேட்காமலும் யாரோ மூலையில் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தூரம்தான் பாட்டே. புதிய கலவையில் பியானோ பளிச்சென்று கேட்கிறது, ஒவ்வொரு விரலும் கேட்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் என் காதுக்கு அந்த மனிதன் மூலையை விட்டு எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் அது தனியாக இருப்பவனின் பாட்டு இல்லை.

மூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். சினாட்ரா இளம் வயதில் டாமி டோர்சியின் குழுவில் பாடியபோது, டோர்சி டிராம்போன் என்ற ஊதுகருவியில் மூச்சு விடுவதே தெரியாமல் நீண்ட வரிகளை வாசிப்பதைப் பார்த்துப் பார்த்துத் தன் மூச்சைப் பழக்கிக்கொண்டவர். அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதும் அந்தப் பாட்டில் ஒரு சேதிதான். நான் அந்தக் கடைசிப் பாட்டை நூறு தடவைக்கு மேல் கேட்டிருக்கிறேன். மூச்சு வரும் இடங்கள் எனக்கு மனப்பாடம். இரைச்சலைச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்குகிறவர்கள் கொஞ்சம் கை மீறினாலும் முதலில் போவது அந்த மூச்சும் அதைச் சுற்றி இருக்கும் காற்றும்தான். நம் ஊர்க் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் மணலை வீசிச் சுத்தம் செய்ததில் கல்லின் அழுக்கு மட்டுமா போனது? கல்வெட்டின் எழுத்தும் சிற்பத்தின் மூக்கும் சேர்ந்தே போயின. இந்த ஆல்பத்தில் அப்படி நடந்துவிட்டது என்று சொல்லவில்லை. சுத்தம் என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடன் கைதட்டிவிடாதீர்கள் என்கிறேன்.

இது இன்றைக்கு நேற்று வந்த பழக்கமும் இல்லை. சிடி வந்த காலத்தில் இதே ஆல்பத்தை மறுபடி வெளியிட்டபோது கடைசியில் இரண்டு பாட்டை உபரியாகச் சேர்த்தார்கள். "ஒன் ஃபார் மை பேபி"க்குப் பின்னால்! விளக்கை அணைத்துவிட்டு ஆள் தெருவில் இறங்கிப் போய்விட்டான், கதை அங்கே முடிந்தது. அதற்குப் பிறகு இன்னொரு பாட்டு தொடங்குகிறது. சிடியில் அதை முதல் முறை கேட்டபோது ஓடிப்போய் நிறுத்தினேன். கூடுதலாகக் கொடுத்தால் ரசிகன் சந்தோஷப்படுவான் என்று நினைக்கிறார்கள். முடிவு என்பதும் ஆல்பத்தில் ஒரு பகுதி என்று யாருக்கும் தோன்றவில்லை.

சரி, இப்போது உங்கள் பதிவுக்கு வருகிறேன். "சிலருக்கு ஒலி முக்கியமில்லை, அப்பாவின் ஞாபகம்தான் முக்கியம்" என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்குத் தேநீர் குடிக்கும்போது உங்களிடம் மனசு விட்டுச் சொன்னதை எடுத்துப் பொதுவில் வைத்துவிட்டீர்கள். வைத்தாகிவிட்டது. முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

அப்பா சென்னைத் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுவது வேலை. 1976இல் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய தட்டுக் கடையில் இதை வாங்கினார். அட்டையில் கோமாளி வேஷத்தில் கண்ணீரோடு சினாட்ரா, மூலையில் டபிள்யூ 1053 என்ற எண். ஸ்டீரியோவாக இருந்தால் எஸ்டபிள்யூ என்று இருக்கும் என்பது எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அவர் அந்தப் படத்துக்காகத்தான் வாங்கினாராம். அமெரிக்க இசை விருதான கிராமியின் முதல் விழாவில் பரிசு வாங்கிய அட்டை அது என்று பின்னாளில் நான் சொன்னபோது, "நான்தான் அப்பவே பார்த்துட்டேனே" என்றார்.

வீட்டில் இருந்தது பெட்டி போல மூடி வைக்கிற எச்எம்வி ஃபியஸ்டா ரெக்கார்ட் பிளேயர். ஒரே ஸ்பீக்கர். தட்டு துள்ளாமல் இருக்க ஊசித் தலையின் மேல் ஒரு நாலணாவை வைத்து நூலால் கட்டியிருப்பார். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தால் குளித்துவிட்டு, வேட்டி முனையால் தட்டை உள்ளிருந்து வெளியே, உள்ளிருந்து வெளியே என்று துடைப்பார். இரண்டாம் பக்கம் மட்டும்தான் போடுவார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் சரக்குச் சீட்டில் இருக்கும் ஆங்கிலம். ஆனால் கடைசிப் பாட்டில் ஒரு ஆள் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறான், கேட்கிறவனுக்கு அக்கறை இல்லை என்பது மட்டும் யாரும் சொல்லாமலே அவருக்குப் புரிந்திருந்தது. "பாவம், வீட்டுக்குப் போக மனசில்லை அவனுக்கு" என்பார். அந்தப் பாட்டை அதற்கு மேல் சரியாகச் சொன்னவர் யாரையும் நான் படித்ததில்லை. அந்த ஒற்றை ஸ்பீக்கரில், நாலணாக் கனத்தில், அந்தத் தூரம் அவருக்குக் கேட்டிருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள், மோனோவில் என்ன குறை?

ஆமாம், அப்பாவின் ஞாபகமும் சேர்ந்துதான் எனக்குக் கேட்கிறது. மறைக்கவில்லை. அதனால் நான் சொல்லும் மற்றதெல்லாம் பொய்யாகிவிடுமா? பன்னிரண்டு பாட்டு பத்தாகிவிடுமா?

"இளைஞர்கள் எப்படிக் கேட்பார்கள், அவர்களுக்கு ஹெட்ஃபோனில் ஸ்டீரியோதானே பழக்கம்" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தாராளமாக ஸ்டீரியோவில் கேட்கட்டும். நான் யாருடைய ஹெட்ஃபோனையும் பிடுங்கவில்லை. "ஸ்பிரிங் இஸ் ஹியர்" புதிய கலவையில் வயலின்கள் விரியும்போது எனக்கே ஒரு நிமிஷம் கண் கலங்கியது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். இது இன்னொரு கலவை என்று தெரிந்து கேளுங்கள் என்பது மட்டும்தான் என் கோரிக்கை. அதைச் சொன்னதற்கா பழைய தட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் என்ற பட்டம்?

இன்னொருவர், "மூர் மார்க்கெட் அப்பாவுக்கும் அமெரிக்காக்காரனுக்கும் என்ன சம்பந்தம்" என்று எழுதி அதற்கு முப்பது விருப்பக்குறி. இதுதான் எல்லாவற்றையும் விட வலித்தது. 1971இல் சினாட்ரா ஓய்வு பெறுகிறேன் என்று லாஸ் ஏஞ்சல்ஸில் பாடிய கச்சேரியில், இந்த ஆல்பத்தின் "ஏஞ்சல் ஐஸ்" பாட்டைத்தான் கடைசியாகப் பாடி இருட்டுக்குள் மறைந்து போனார். அதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் கூடம்தான். பாட்டு முடிந்தவுடன் அப்பா ஒன்றும் பேசாமல் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போவார். சம்பந்தம் இவ்வளவுதான். இது போதாது என்றால் என்னிடம் வேறு இல்லை.

ஊசியைத் தூக்கும்போது மெதுவாகவாவது தூக்கியிருக்கலாம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். நீங்கள் நிறுத்திய இடத்தில் இப்போது ஒரு "டக்" கேட்கிறது. முன்னால் இருந்த கீறல்கள் எல்லாம் எனக்குத் தெரியும். இது புதுசு.

கடைசியாக ஒன்று. அவசரத்தில் தட்டை மட்டும் அட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளே இருந்த தாள் உறை அங்கேயே மேஜையில் தங்கிவிட்டது. பழுப்பேறின, ஓரம் கிழிந்த வெள்ளைத் தாள். ஒரு மூலையில் நீல மையில் "ரூ. 12" என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டிருக்கும். அது அப்பாவின் கையெழுத்து. உங்கள் பொருட்களோடு சேர்ந்து வந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.