டீசல் முள்ளும் அது சொல்ற பொய்யும்

காசிமேட்டுல மீன்பிடி படகு வச்சிருக்கற எவன வேணா கேட்டு பாருங்க, டீசல் மீட்டர நம்பி கடலுக்கு போறியான்னு, சிரிப்பான். கரையில கட்டி நிக்கிறப்ப பாதின்னு காட்டும், ஹார்பர் வாய தாண்டி ஒரு அலை தூக்குச்சுன்னா ஃபுல்லு, எறக்குச்சுன்னா காலி. உள்ள இருக்கறது ஒரு மிதவ தான், எண்ணெ சாயற பக்கம் அதுவும் சாயுது, பாவம் அது இன்னா பண்ணும்.

டேங்க் வேற படகு வயித்துக்கு ஏத்தாப்ல அடியில குறுகி மேல அகலமா இருக்கும், அதனால முள்ளு பாதின்னா டீசல் பாதி கெடையாது, அதவிட கம்மி. இத மறந்துட்டு போன மாசம் இன்னொரு வாட்டி வல போடலாம்னு போய், வர்றப்ப துறைமுக கிரேன் கண்ணுக்கு தெரியுது, இன்ஜின் ரெண்டு இருமு இருமி நின்னுச்சு, டீசல் லைன்ல காத்து வேற ஏறிக்கிச்சு, பக்கத்து போட்டு தான் கயிறு கட்டி இழுத்துனு வந்துச்சு. இழுத்ததுக்கு துட்டு, கிண்டல் ஃப்ரீ.

சரின்னு புது சென்சார் மாட்டுனேன், இப்போ டேங்க் காலின்னா ஃபுல்லு காட்டுது! கடைக்காரர் குடுத்தது டேங்க் ரொம்ப ரொம்ப மின்தடை 240 ஓம்ல இருந்து 33க்கு எறங்கற ரகமாம், நம்ம மீட்டர் 10ல இருந்து 180க்கு ஏறற ரகமாம். விக்கறப்ப இத சொல்ல வாய் வலிக்குதா?

டேங்க்ல விட்டு டீசல் அளக்கற அப்பாவோட மூங்கில் குச்சிய பரண்ல இருந்து எறக்கிட்டேன், அவரு கத்தியால கிழிச்ச கோடு இன்னும் அழியல.