லேபிளில் எல்லாம் இருக்கிறது, இனிக்குமா என்பதைத் தவிர

ஒரு பாட்டில் வெள்ளை ஒயின் இனிக்குமா, இனிக்காதா என்ற ஒரேயொரு கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள ஒரு மனிதன் எத்தனை ஜெர்மன் சொற்களைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும்? ஜெர்மனியில் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த மைன்ஸ் நகரில் ஐந்து ஆண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கே விடை தெரியவில்லை என்றால், சுற்றுலா வந்தவர் என்ன செய்வார்?

கடந்த மே மாதம் நண்பர்களை விருந்துக்கு அழைத்திருந்தேன். ஜெர்மானியர்கள் ஷ்பார்கெல் என்று கொண்டாடும் வெள்ளை ஆஸ்பராகஸைத் தோல் சீவி அவித்து, வெண்ணெயும் முட்டை மஞ்சள்கருவும் சேர்த்து அடித்த ஹாலண்டேஸ் சாஸ் திரிந்துவிடாமல் காப்பாற்றி, பேரங்காடியில் ஆறு யூரோவுக்கு வாங்கிய, மோசல் பகுதியின் ரீஸ்லிங் திராட்சை ஒயினைத் திறந்தேன். 'ஸ்பேட்லேசே' என்று தங்க எழுத்தில் பொறித்திருந்ததால் உயர்ந்த சரக்கு என்று நம்பியிருந்தேன். முகர்ந்தபோது பச்சை ஆப்பிளும் பீச்சும் அருமையாக மணந்தன. வாயில் வைத்ததும் பாகு! அந்தத் தித்திப்புக்குப் பிறகு கடித்த ஷ்பார்கெலில் கசப்பு மட்டுமே மிஞ்சியது. நண்பர்கள் நாகரிகம் கருதித் தண்ணீர் கேட்டார்கள்.

தவறு யாருடையது? 1971ஆம் ஆண்டின் ஒயின் சட்டம் தரத்தை வகுத்தது, திராட்சைச் சாற்றில் அறுவடையின்போது இருந்த சர்க்கரையை வைத்து. கபினெட், ஸ்பேட்லேசே, ஆவுஸ்லேசே என்னும் பட்டங்கள் எல்லாம் அந்தக் கணக்குதான். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் முழுவதும் தின்று தீர்த்ததா, பாதியில் நொதித்தல் நிறுத்தப்பட்டதா என்பதைப் பட்டம் சொல்லாது. 'ட்ரோக்கன்', அதாவது இனிப்பில்லாதது என்று எழுதியிருந்தால், புளிப்பு போதிய அளவில் இருக்கும்பட்சத்தில் லிட்டருக்கு 9 கிராம் சர்க்கரை வரை இருக்கலாம். 'ஹால்ப்ட்ரோக்கன்', அதாவது பாதி ட்ரோக்கன் என்றால் 18 கிராம் வரை. 'ஃபைன்ஹெர்ப்' என்ற அழகான சொல்லுக்கோ சட்டத்தில் வரம்பே கிடையாது. இவற்றில் எதையுமே எழுதாமல் விடவும் தடையில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

உண்மையான துப்பு பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில், ஆல்கஹால் அளவாக ஒளிந்திருக்கிறது. 12 சதவீதம் என்றால் சர்க்கரை பெரும்பாலும் ஆல்கஹாலாக மாறிவிட்டது. எட்டு, ஒன்பது என்றால் மிச்சம் பாட்டிலுக்குள்ளேயே இருக்கிறது. என்னுடையது 8.5. 2023 டிசம்பருக்குப் பின் தயாரான ஒயின்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஊட்டச்சத்து விவரத்தைக் கட்டாயமாக்கியதே என்று மகிழ்ந்தால், சர்க்கரை அளவைக் கியூஆர் குறியீட்டுக்குள் வைத்துக்கொள்ளவும் அதுவே அனுமதிக்கிறது. அந்தப் பேரங்காடிக்குள் என் கைபேசிக்குச் சிக்னலே வருவதில்லை.

மீந்த அரை பாட்டிலை இரண்டு நாள் கழித்துக் காரமான கோழி வறுவலோடு குடித்தேன். அதே பாகு மிளகாயின் எரிச்சலை அடக்கியது. புளிப்பு எண்ணெய்ப் பிசுக்கை அறுத்தது. ஆல்கஹால் குறைவு என்பதால் காரம் மேலும் மூளவும் இல்லை. அத்தனை பொருத்தம்! கோபம் இரட்டிப்பானது அப்போதுதான். நல்ல ஒயினைத் தவறான தட்டுக்கு அனுப்பிவைத்தது அந்த லேபிள்.

இப்போது ஷ்பார்கெலுக்கு ரைன்ஹெஸ்ஸன் பகுதியின் ட்ரோக்கன் சில்வானரை, சில்வானர் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயினை, ஒரு லிட்டர் பாட்டிலில் வாங்குகிறேன். பட்டம் எதுவும் இல்லை, விலையும் குறைவு. ஆனாலும் ரீஸ்லிங் அலமாரிக்கு முன்னால் ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பது ஓயவில்லை. போன சனிக்கிழமை ஒரு மூதாட்டி அருகில் வந்து, காலாவதித் தேதியையா தேடுகிறீர்கள் என்று கேட்டார்.