ஒரு கிலோ அசோலா ஒரு கிலோ புண்ணாக்குக்குச் சமமா?

“அசோலாவில் 25 சதவீதம் புரதம். தினமும் இரண்டு கிலோ போட்டால் புண்ணாக்கே வாங்க வேண்டாம்” என்று, சாணம் கரைத்த தண்ணீர்க் குழியில் மிதந்து வளரும் அசோலா என்ற சிறு பெரணிச் செடியைப் பற்றி ஒரு செய்தி மாடு வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு. ஆனால் அந்த 25 சதவீதம் பொய்யல்ல, சிக்கலே அதுதான்.

ஆய்வகத்தில் சொல்லும் புரத அளவு, உலர்த்திய அசோலாவுக்கானது. குழியிலிருந்து அள்ளும் பச்சை அசோலாவில் நூற்றுக்கு 93, 94 பங்கு தண்ணீர். இரண்டு கிலோவைக் காயவைத்தால் மிஞ்சுவது 120 கிராம் அளவு. அதில் புரதம் 30 கிராம்தான் தேறும். ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கிலோ சுமார் 400 கிராம். அதை ஈடுகட்ட 27 கிலோ பச்சை அசோலா அள்ள வேண்டும். 6 அடிக்கு 4 அடி குழியில் நாளுக்கு ஒரு கிலோ கிடைத்தாலே பெரிது! 27 கிலோவையும் மாடு தின்னுமா என்பது வேறு கதை.

அதற்காகக் குழியை மூடிவிட வேண்டாம். தாது உப்புகளும் வைட்டமின்களும் அதில் உண்டு. தவிட்டோடு கலந்து கொடுக்கும் துணைத் தீவனமாக நல்லதே. சாண வாடை போக நன்றாக அலசிக் கொடுங்கள், இல்லையென்றால் மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். குழியில் மாற்றும் பழைய தண்ணீரைத் தென்னைக்கு விடலாம்.

கறவை மாட்டுக்குப் புண்ணாக்கை ஒரேயடியாக நிறுத்தினால் சில நாளிலேயே பால் குறையும்.