எல்லா 50 மில்லியும் ஒன்று இல்லை

லெசோத்தோவுக்கு ஏறும் மலைப்பாதையான சானி பாஸில் அன்றைக்கு நடந்தது இங்கே பாதிப் பேருக்கு நேரில் தெரியும். மீதிப் பேர் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். "50 மில்லி உசந்தா 50 மில்லிதானே அங்கிள், எதுல உசந்தா என்ன?" என்று, ஸ்பேசர் வைத்துத் தன் வண்டியை 50 மில்லிமீட்டர் உயர்த்தியிருந்த தம்பி கேட்டதும், சுற்றி நின்றவர்கள் சிரித்ததும், நான் பேசாமல் தள்ளிப் போனதும் அதில் இருக்கிறது. அப்புறம் நடந்தது அதில் இல்லை.

பதில் சொல்லாமல் போனது என் தப்பு. ஆறு நாளாக மனதில் கிடந்து உறுத்துகிறது. இப்போது சொல்கிறேன். உயரம் வேறு, சஸ்பென்ஷன் (குலுக்கலைத் தாங்குகிற ஸ்பிரிங்கும் ஷாக்கும்) வேறு. ஸ்பேசர் உயரத்தைத் தரும். சஸ்பென்ஷனைத் தராது.

ஸ்பேசர் என்றால் என்ன? முன்னால் ஸ்ட்ரட்டின் (சுருள் ஸ்பிரிங்கான காயிலும், அதன் ஆட்டத்தை அடக்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) தலையில் வைத்து போல்ட் போடுகிற ஒரு தடிமனான வட்டம். ஸ்ட்ரட், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் நடுவாக்கில் நிற்பதால், வட்டத்தின் தடிமனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம் சக்கரத்தில் கிடைக்கும். பின்னால் ஆக்ஸிலுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு கட்டை. அவ்வளவுதான் வேலை. காயில் பழைய காயில், ஷாக் பழைய ஷாக், பட்டை பழைய பட்டை. பக்கி (நம் பிக்கப் வண்டி) புதிதாக வந்தபோது எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு அமுங்கியதோ, இன்றும் அவ்வளவு அமுங்கும். கல்லில் ஏறி இறங்கினால் எப்படித் தள்ளாடியதோ அப்படியே தள்ளாடும். எடை மேலே போய்விட்டதால் கொஞ்சம் கூடுதலாகவே தள்ளாடும். அதோடு, சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது கம்பெனி வைத்த எல்லையைத் தாண்டிக் கீழே போகும். சக்கரத்துக்கு எஞ்சின் இழுப்பைக் கொண்டுபோகும் மூட்டான சிவி ஜாயின்ட்டும், சக்கரத்தை மேல் கையோடு சேர்க்கும் பால் ஜாயின்ட்டும் அந்தக் கோணத்துக்குச் செய்தவை இல்லை.

அன்று மலையில் தம்பியின் வண்டி பழுதாகி நின்றதும் அடியில் படுத்துப் பார்த்தவன் நான்தான். போன் அதற்குள் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. இடது முன் ரிம்மின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு கிரீஸ் சிதறியிருந்தது. சிவி ஜாயின்ட்டை மூடுகிற ரப்பர் உறையின் மடிப்பில் சுண்டுவிரல் நுழைகிற கிழிசல், அதற்குள் பொடிக்கல். மேல் கை காயிலை உரசிய இடத்தில் பெயின்ட் போய் இரும்பு பளபளத்தது. ஒரே நாளில் அப்படித் தேயாது. பல மாதமாக ஒவ்வொரு பள்ளத்திலும் உரசியிருக்கிறது.

ஸ்பேசர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் ஏதும் கிடையாது. நானே போட்டிருந்தவன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அடிபட்டு, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராதது உங்களுக்கு நினைவிருக்கும். அக்கா வீடு அங்கேதான். 500 லிட்டர் டேங்க்கைப் பின்னால் கட்டிக்கொண்டு டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து போவேன். தண்ணீர் மட்டுமே 500 கிலோ. பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது, மூக்கு தூக்கிக்கொண்டது, ஸ்டியரிங் கையில் கனமே இல்லை. இருட்டில் எதிரே வந்தவர்கள் எல்லோரும் கண் கூசி லைட்டை அடித்தார்கள். பாலம் சேருகிற மேட்டில் ஆக்ஸில் பம்ப் ஸ்டாப்பில் (அமுங்கும் எல்லையில் இருக்கும் தடுப்பு) 'டங்' என்று இடித்ததில், பக்கத்தில் இருந்த அக்கா மகள் இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த மாலை முழுக்க அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஸ்பேசர் விற்றவர் என்னிடம் உயரம் எவ்வளவு வேண்டும் என்று மட்டும் கேட்டார். அப்புறம் நான் போன சஸ்பென்ஷன் கடைக்காரரின் முதல் கேள்வியே, "வண்டியில எப்பவும் எவ்வளவு எடை இருக்கும்?" பின்பக்கத்தை மூடும் கேனோப்பி, ஃப்ரிட்ஜ், இரண்டாவது பேட்டரி, முன்னால் இரும்பு பம்பர் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, அந்த எடைக்குத் தகுந்த பட்டையும் காயிலும், அவற்றுக்குப் பொருத்தமான ஷாக்கும் எடுத்துக் கொடுத்தார். அதே டேங்க், அதே மேடு. வண்டி ஒரு தடவை எழுந்தது, ஒரு தடவை அமுங்கியது, நின்றது.

"பணம் இருக்கிறவர் பேச்சு" என்று வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. உண்மையிலேயே மனது வலித்தது. நானும் மாதச் சம்பளக்காரன். பின்பக்கத்தை முதலில் மாற்றினேன், முன்பக்கம் எட்டு மாதம் கழித்துத்தான். செலவு அதிகம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஸ்பேசர் மலிவு என்கிறீர்களே, அலைன்மென்ட் சரியில்லாமல் உள்விளிம்பு தேய்ந்து போன டயர்களையும், இப்போது மாற்றுகிற சிவியையும், மலையிலிருந்து கட்டி இழுத்து வந்த கூலியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தீர்களா? வண்டியில் செய்த மாற்றத்தை இன்சூரன்ஸுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

இன்னொருவர், "முழு கிட் போட்டாலும் சிவி கோணம் அதேதானே" என்றார். நிற்கிற வண்டியில் அதேதான், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் நான் 40 மில்லியோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் நல்ல ஷாக்கின் நீளம் சக்கரம் எதுவரை தொங்கலாம் என்று எல்லை போடும். ஓட்டத்தில்தான் வித்தியாசம்.

தார் ரோட்டில், காலி வண்டியில், டயர் உரசாமல் இருக்கக் கொஞ்சம் உயரம் வேண்டும் என்றால் ஸ்பேசர் போதும். சரி, போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சானி பாஸ் தார் ரோடு கிடையாது. தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியைத் தாண்டினால் ஃபோர் பை ஃபோர் வண்டியை மட்டும்தான் விடுகிறார்கள். உச்சி 2,876 மீட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் காற்று.

அன்று வண்டி நின்ற பிறகு நான் குரலை உயர்த்தினேன், எல்லோர் முன்னாலும். அதைச் சொல்லித்தான் எல்லோரும் என்னைத் திட்டுகிறீர்கள். ஏன் உயர்த்தினேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மேலே ஏறும்போது உன் வண்டிக்குப் பின்னால் நான்தான் வந்தேன், தம்பி. ஒவ்வொரு வளைவிலும் முன்சக்கரத்திலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தது, கண்ணாடியை இறக்கிக் கேட்டேன். பின்சீட்டில் உன் பிள்ளைகள் இரண்டு பேரும் திரும்பி எனக்குக் கை காட்டிக்கொண்டே வந்தார்கள். நான் ஹாரன் அடித்தேன். நீ கை காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாய். ஐந்து நிமிடம் கழித்து அந்தச் சக்கரம் இழுக்காமல் நின்றதும் நல்ல இடத்தில்தான் நின்றது. அதற்கு முந்தின வளைவில் நின்றிருந்தால்?

வீடியோவை எடுத்துவிடு என்று கேட்க மாட்டேன், இருக்கட்டும். நான் கழற்றி வைத்த பழைய காயில்கள் கராஜில் இருக்கின்றன, உன் வண்டிக்குச் சரியாக வரும். ஸ்பேசரையும் உரசிப்போன காயிலையும் கழற்றிவிட்டு, நீ காசு சேர்க்கிற வரைக்கும் அவற்றில் ஓட்டலாம். ஞாயிறு பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்னிடம் இருக்கிறது, 19 சாக்கெட் மட்டும் எடுத்துக்கொண்டு வா.