குரைக்க மாட்டுக்காம்!

நான் வளர்க்கக் கொடுத்த குட்டியைக் கட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்தார் ஒரு அண்ணாச்சி. ஜவுளிக்கடையில் கொஞ்சம் பெரிய தொகைக்குத் துணி எடுத்தால் கொடுப்பார்களே, அதே பைதான். ஸ்கூட்டரின் முன்கொக்கியில் மாட்டி, பெருமாள்புரத்திலிருந்து என் வாசல் வரைக்கும், வழியில் இருக்கிற அத்தனை பள்ளத்திலும் இறக்கி ஏற்றி. நல்ல பை. நாலு பட்டுச்சேலையைத் தாங்கும். ஒன்றே முக்கால் கிலோ நாய்க்குட்டியையும் தாங்கிவிட்டது.

வண்டியை அணைக்கவில்லை. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

"டீச்சர், இது குரைக்க மாட்டுக்கு."

வண்டிச் சத்தத்தில் எனக்குத்தான் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். "என்ன?" என்றேன்.

"குரைக்க மாட்டுக்கு டீச்சர். மூணு நாளாச்சு, வாயைத் திறக்கல. ஆள் வந்தா சோபாக்கு அடியில போய்ப் படுத்துக்கிடுது. ஆளுக்கொரு பக்கம் குச்சியை விட்டுக் குத்திப் பாத்தோம். அப்பவும் குரைக்கல."

குச்சியை விட்டுக் குத்திப் பார்த்தார்களாம். சொல்லும்போது அந்த அண்ணாச்சி முகத்தில் குற்ற உணர்ச்சி என்று ஒரு சொட்டு இல்லை. எங்களால் ஆனதைச் செய்தோம், பலன் இல்லை என்கிற மெக்கானிக் முகம். கிணற்று மோட்டார் ஓடவில்லை என்றால் தட்டிப் பார்ப்பது, தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது, அப்புறம் கழற்றிக் கொண்டுபோய்க் கடையில் போடுவது. அந்தக் கடை நான்.

இவரிடம் குட்டியைக் கொடுக்கும் முன் பட்டாசலில் உட்காரவைத்து இருபது நிமிடம் பாடம் நடத்தியிருந்தேன். அண்ணாச்சி, இது பயந்த குட்டி. முதல் மூணு நாள் ஒரு மூலையில் துணி போட்டு விட்டுவிடுங்கள். யாரும் தூக்க வேண்டாம். தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுபோகாதீர்கள், கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்க்காதீர்கள். தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், அதுவாக வந்து மோந்து பார்க்கும். பசும்பால் வேண்டாம், வயிற்றால் போகும். சோறும் வேகவைத்த முட்டையும் போதும். எல்லாவற்றுக்கும் "சரி டீச்சர், சரி டீச்சர்" என்று தலையாட்டினார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா டியூசன் எடுக்கிறவள் நான். புரியாத தலை எப்படி ஆடும் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கு ஏமாந்துவிட்டேன்.

ஊசி போட்ட அட்டை, பூச்சி மருந்து, அது படுத்துப் பழகிய என் பழைய சுங்குடிச் சேலை, அது தின்று பழகிய கும்பா, எல்லாம் ஒரு பையில் வைத்து, மகளை மறுவீட்டுக்கு அனுப்புகிற மாதிரி அனுப்பினேன். அது திருக்கார்த்திகைக்கு முந்தின நாள். என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை அவர் வாயாலேயே கேட்டேன். கோயிலில் சொக்கப்பனை பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்கள் பதினாலு பேர் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். பதினாலு பேரும் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். தீபாவளிக்கு வாங்கி மிச்சம் இருந்த வெடியைப் பிள்ளைகள் தார்சாவிலேயே வெடித்திருக்கிறார்கள். அப்புறம், பாவம் அதுக்கும் கார்த்திகைதானே என்று ஓலைக் கொழுக்கட்டை கொடுத்திருக்கிறார்கள். கருப்பட்டி போட்டது. ராத்திரி வயிறு கலக்கி, சோபாவுக்கு அடியிலேயே பேதி போய்விட்டது. அது இரண்டாவது புகார். முதல் புகார் குரைக்கவில்லை. மூன்றாவது புகாரைக் கேளுங்கள்: "ஊசி போட்டதுனாலதான் சத்தம் வரலையோ டீச்சர்?"

இல்லை அண்ணாச்சி. குரல்வளையில் யாரும் ஊசி போடவில்லை. பயந்து உறைந்துபோன குட்டி குரைக்காது, மூச்சே விடாது. ஒளிந்து கிடந்தால் மறந்துவிடுவார்கள் என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பு. ஐப்பசி மழையில் சமாதானபுரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் நான் இதைப் பார்த்தபோதும் அப்படித்தான் கிடந்தது. கூடப் பிறந்ததுகள் ஒன்றும் இல்லை. கூழ்வத்தல் நிறம், கூழ்வத்தல் மாதிரியே சுருங்கின உடம்பு, அதனால் பேர் வத்தல். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பல்லைப் பார்த்து ஒன்பது வாரம் இருக்கும் என்றார்கள். எடை ஒரு கிலோவும் சில்லறையும்.

நாய்க்குட்டிக்கு மூணாவது வாரத்திலிருந்து பதினாலாவது வாரம் வரைக்கும்தான் மனசு திறந்திருக்கிற காலம். அதற்குள் எதையெல்லாம் பயமில்லாமல் பார்க்கிறதோ, கேட்கிறதோ, அதெல்லாம் ஆயுசுக்கும் அதற்குப் பழகின விஷயம். மிக்சி சத்தம், குடை, ஹெல்மெட் போட்ட ஆள், ஓடுகிற பிள்ளை, எல்லாம். அப்புறமும் பழக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கட்ட வேண்டும். வத்தலுக்கு இப்போது பதினோரு வாரம். கையில் மிச்சம் மூன்றே வாரம். அதில் மூணு நாளை இந்த மகராசன் வெடிச்சத்தத்துக்கும் குச்சிக்கும் செலவழித்துவிட்டு வந்து நிற்கிறார், வண்டியைக் கூட அணைக்காமல்.

அடுத்து கேட்டாரே ஒரு கேள்வி. "இதுக்குப் பதிலா வேற ஒண்ணு இருக்கா டீச்சர்?"

சேலை பார்டர் பிடிக்கவில்லை, மாற்றிக் கொடு. கட்டைப்பை ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. பில்லும் கொண்டுவந்திருப்பாரோ என்று பார்த்தேன்.

இல்லை என்றதும், "நீங்க எடுக்கலைன்னா சொல்லுங்க, கொக்கிரகுளம் ஆத்துப் பக்கம் விட்டுருதேன். ஓட்டல் எச்சி கெடக்கும், பொழச்சிக்கிடும்" என்றார். வளர்க்கிற பிராணியைக் கைவிடுவது 1960ஆம் வருசத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம். அதைச் செய்ய இவர் தேர்ந்தெடுத்த இடம் கலெக்டர் ஆபீஸ் இருக்கிற கொக்கிரகுளம். பையைப் பிடுங்கிக்கொண்டேன். "பெட்ரோல் வேற போச்சு" என்று முனகிக்கொண்டே போனார். போகாதா பின்னே? இருபத்தைந்து நிமிடம் அணைக்காமல் நின்றால் போகத்தான் செய்யும்.

இவரைக் குறைசொல்லி என்ன பிரயோசனம்? இவர்தான் வந்ததிலேயே தேவலை. அதுதான் வயிற்றெரிச்சல்.

இவருக்கு முன்னால் வந்தவர்கள் போனை எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும். "கடுவனா, பொட்டையா?" பொட்டை என்றால் அடுத்த நொடி சிக்னல் போய்விடும். ஆறு மாசம் கழித்துக் கருத்தடை ஆபரேசனுக்கு நானே செலவு செய்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் கட். ஒரு தாத்தா நேரில் வந்து, மேலப்பாளையம் சந்தையில் ஆடு பிடிக்கிற மாதிரி வாயைப் பிளந்து அண்ணாக்கு கறுப்பா என்று பார்த்தார், பிடரியைப் பிடித்துத் தூக்கி அழுகிறதா என்று பார்த்தார், கடைசியில் நகத்தை எண்ணினார். பதினெட்டு. "இருபது இருந்தா எடுத்திருப்பேன்" என்றார். முன்னங்காலில் ஐந்தைந்து, பின்னங்காலில் நாலு நாலு, ஊரில் பாதி நாய்க்கு மேல் பதினெட்டுதான் இருக்கும் தாத்தா. உங்களுக்கு இருபது இருக்கிறதே, அது போதாதா?

களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர். வாழைத்தோப்புக்குக் காவல் வேண்டுமாம். காட்டுப்பன்றியை விரட்ட வேண்டுமாம். ஒன்றே முக்கால் கிலோ. ராத்திரி தனியாகக் கட்டிப்போடுவீர்களா என்று கேட்டேன். "ஆமா, ஏற்கெனவே ரெண்டு நாயைச் சிறுத்தை தூக்கிட்டுப் போயிட்டு. அதான் கேக்கேன்" என்றார். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு போட்டு போனை வைத்தேன்.

என்னை ரொம்பக் குமுறவைத்தது யார் தெரியுமா? நாட்டுக்கார அண்ணன். அவர் வீட்டில் குடிப்பது நாட்டுமாட்டுப் பால். தின்பது நாட்டுக்கோழி முட்டை. காபிக்கு நாட்டுச்சர்க்கரை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் வ.உ.சி. மைதானத்தில் உட்கார்ந்ததை இன்றைக்கு வரைக்கும் வாரம் ஒரு தடவை சொல்லுவார், வாட்ஸ்அப்பில் முகப்புப் படம் காங்கேயம் காளை. சரி, நம்ம ஆள், நாட்டு நாயைக் கொண்டாடுவார் என்று நம்பிக் கேட்டேன். "தெரு நாயா?" என்று முகத்தைச் சுளித்தார். சிப்பிப்பாறை என்றால் பார்க்கலாமாம், இல்லையென்றால் பையன் ஹஸ்கி கேட்கிறானாம். ஹஸ்கி! சித்திரை மாசம் மனுசனே ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிற ஊரில், பனிக்கட்டி மேல் வண்டி இழுக்கிற நாய்! மாட்டுக்கும் கோழிக்கும் சர்க்கரைக்கும் இருக்கிற நாட்டுப்பற்று நாய்க்கு வந்ததும் எங்கே போகிறது என்று யாராவது சொல்லுங்கள்.

அப்புறம் அந்த இதயக் கூட்டம். வத்தல் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன். நாற்பத்து மூன்று இதயம். "சோ ஸ்வீட்." "தங்கம்." "யாராவது எடுங்களேன் ப்ளீஸ்." அந்த யாராவது என்கிறவர் யார், எந்தத் தெருவில் இருக்கிறார், அவர் போன் நம்பர் என்ன? எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். "நீங்களே வச்சுக்கலாமே டீச்சர்" என்று ஐந்து பேர். அஞ்சு குடித்தனம் இருக்கிற வளவு, பொதுவாக ஒரே புறவாசல், ஏற்கெனவே கால் ஒடிந்த கிழட்டு நாய் ஒன்று என் கணக்கில். பொங்கலுக்குள் இந்தக் குட்டி போகாவிட்டால் நீங்கள் இரண்டு நாயையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

இத்தனைக்கும் நான் கேட்பது என்ன? மச்சு வீடு கேட்டேனா, ஏசி கேட்டேனா? நாள் முழுக்க வீட்டில் ஒரு ஆள். கொஞ்சம் சத்தம் குறைவு. பார்த்ததும் பாய்ந்து தூக்காத கை. ஒரு மாசம் பொறுமை. இந்த நாலும் சேர்ந்த ஒரு வீடு இந்தத் தாமிரபரணிக் கரையில் பாபநாசம் தொட்டுப் புன்னக்காயல் வரைக்கும் கிடையாதா?

இருக்கிறது. அதுதான் கொடுமை. பக்கத்துக் குடித்தனத்து ஆச்சி. நாய் என்றாலே ஆகாது அவளுக்கு. "சவத்த அங்கிட்டு வெரட்டு" என்பது அவள் வத்தலோடு பேசிய முதல் வார்த்தை, இன்று வரைக்கும் ஒரே வார்த்தையும் அதுதான். புறவாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வாள். வத்தல் பக்கம் திரும்ப மாட்டாள், தொட மாட்டாள், கூப்பிட மாட்டாள். நான் இருபது நிமிடம் நடத்திய பாடத்தை ஒரு வரி விடாமல் செய்கிறவள் அவள் ஒருத்திதான், நாயைப் பிடிக்காததால். கட்டைப்பையிலிருந்து இறக்கிவிட்டதும் வத்தல் நேரே தவழ்ந்து போய் அவள் சேலைத் தலைப்பில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது. "சவத்த அங்கிட்டு வெரட்டு" என்றாள். காலை மட்டும் நகர்த்தவில்லை. கீரை ஆய்ந்து முடித்த பிறகும் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை, மூட்டு வலியாம். ஆனால் தை பிறந்தால் மகள் வீட்டுக்குச் சென்னைக்குப் போகிறாள். அங்கே மூணாவது மாடி, மருமகனுக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நான் கேட்கவே இல்லை.

சரி, கோபம் எல்லாம் வடிந்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பையை மடிக்கும்போது அடுக்களையிலிருந்து அம்மா குரல்.

"ஏட்டி, கும்பாவைத் தந்தானா?"

பையைத் தலைகீழாகக் கொட்டினேன். சேலை இருக்கிறது. அட்டை இருக்கிறது. கும்பா இல்லை. எவர்சில்வர் கும்பா. 1976ல் அம்மா கல்யாணத்துக்கு அம்பாசமுத்திரத்துத் தாய்மாமா கொடுத்தது, அடியில் அம்மா பேரும் தேதியும் வெட்டியது. நாய்க்கு எதற்கு இந்தக் கும்பா என்று அம்மா அன்றைக்கே சத்தம் போட்டாள். அதில்தான் சாப்பிடுகிறது, வேறு பாத்திரத்தைக் கண்டால் பயப்படுகிறது என்று கெஞ்சி வாங்கிக் கொடுத்தனுப்பினேன். நாலு தடவை போன் அடித்துவிட்டேன், எடுக்கவில்லை. அந்த வீட்டில் இந்நேரம் அதில் ரசம் ஊற்றிக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

நாய் குரைக்கவில்லை, திருப்பிக் கொடுத்தாய். கும்பா மட்டும் குரைத்ததோ, வைத்துக்கொள்ள?

நாளைக் காலையில் பெருமாள்புரம் போகிறேன். நானும் வண்டியை அணைக்க மாட்டேன்.